ஒரே பாடம்... மூன்று தாள்!



சமீபத்தில், திருவண்ணாமலையை அடுத்த ஒரு கிராமத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே ஆசிரியையாக இருப்பவர் ஒரு காலத்தில் என் மாணவி. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு இரண்டுக்கும் அவர் ஒருவர்தான். கணக்குப் பாடத்துக்கு மூன்று விதமான தாள்கள் கொடுத்தார். மூன்றுமே கிரிவலத்தைப் பற்றியவை!

முதல் தாளில், பாதையிலுள்ள எட்டு லிங்கங்களின் படம். எண்ணி எழுத வேண்டும். இரண்டாவது தாளில், 'கிரிவலப் பாதை 14 கி.மீ.; 6 கி.மீ. நடந்தாயிற்று. மீதி எவ்வளவு?' மூன்றாவது தாளில், 'மணிக்கு 4 கி.மீ. நடந்தால் சுற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?' விடையை நீங்களும் போட்டு வையுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

"ராத்திரியெல்லாம் கண் விழித்து எழுதினாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், கால் மணி நேரம்தான். படம் மட்டும் நான் வரைந்தேன். கேள்விகளை ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது" என்று சிரித்தார்.

ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, உலகமெங்கும் ஆசிரியர்கள் இத்தகைய உதவியாளரைப் பயன்படுத்தத் தொடங்கினர். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், 'சிக்‌ஷா கோபைலட்' என்ற கருவியை 2023இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஏன் மூன்று தாள்?

ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லோரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. இது நம் மாநிலத்துக்குப் புதிய விஷயம் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகளை வைத்துக்கொண்டு, அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறலாம். கொரோனாவுக்குப் பிறகு, 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். நானும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கையால் எழுதித் தந்தவன்தான். இப்போது வேகம் கூடியிருக்கிறது. அவ்வளவுதான்!

இயந்திரம் சறுக்கிய இடம்

அந்த ஆசிரியை இன்னொன்றும் காட்டினார். லிங்கங்களை வரிசையாகக் கேட்டபோது, அக்னி லிங்கத்துக்கு அடுத்து குபேர லிங்கம் என்று எழுதியிருந்தது இயந்திரம். அடுத்து வருவது எம லிங்கம். குபேர லிங்கம் வடக்கே இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்! இயந்திரம் கிரிவலம் போனதில்லையே. ஏராளமாகப் படித்ததை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. அதனால் தப்பையும் தயங்காமல் சொல்லும். ஆசிரியை படித்துத் திருத்திய பிறகே தாள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அவர் அதில் எந்தக் குழந்தையின் பெயரையும் எழுதுவதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் சொந்த விவரங்களைப் பயன்படுத்த, பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டம் சொல்கிறது.

என் தவறு

பணியில் சேர்ந்த புதிதில், மெதுவாகப் படிக்கும் ஒரு மாணவனுக்கு எளிய கணக்காகவே கொடுத்து வந்தேன். அவனுக்கு உதவுவதாக எண்ணம். ஆண்டு முடிவில் பார்த்தால், அவன் தொடங்கிய இடத்திலேயே நின்றான்! அடுத்த படியை நான் காட்டவே இல்லை. இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

இயந்திரம் எளிய தாளைச் சலிக்காமல் எழுதித் தரும். 'இவன் தயாராகிவிட்டான், அடுத்த தாளைக் கொடு' என்று தானாக வந்து சொல்லாது. உங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசிரியருக்குத்தான் அது தெரியும். என் மாணவி வெள்ளிக்கிழமைதோறும் யார் எந்தத் தாளுக்கு மாறலாம் என்று பார்க்கிறார். குருவை மிஞ்சிய சிஷ்யை!

குழந்தைகளே, எளிய தாள் கிடைத்தால் அதை ஒளித்து வைக்காதீர்கள். முடித்ததும், "அடுத்தது கொடுங்க டீச்சர்" என்று கேளுங்கள். கடினமான தாள் கிடைத்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கைகொடுங்கள். கிரிவலத்தில் வேகமாக நடப்பவரும் உண்டு. மெதுவாக நடப்பவரும் உண்டு. எல்லோரும் சுற்றி முடிக்க வேண்டும், அல்லவா?

அந்தக் கணக்கின் விடை: மூன்றரை மணி நேரம். சரியாகப் போட்டீர்களா?