அன்னி பெசன்ட்டின் இரு வழக்குகளும் தந்தையின் உரிமையும்

குழந்தை யாருக்கு உரியது? இக்கேள்விக்கு நெடுங்காலம் சட்டம் தந்துவந்த விடை ஒன்றே: தந்தைக்கு. இன்று நம் குடும்ப நீதிமன்றங்களின் தாழ்வாரங்களில் வாய்தாவுக்காகக் காத்து நிற்கும் தந்தையரைக் கேட்டால், தாய்க்கே உரியது என்று சட்டம் எழுதி வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். சட்டம் அவ்வாறு எழுதவில்லை. ஏட்டில் இன்றும் தந்தையே முதல்வர்; நடப்பிலோ அவர் தம் குழந்தைக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி. இந்த முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பார்த்தால்தான் தந்தையர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கலாகாது என்பது தெளிவாகும். அதற்கு நாம் சென்னையையும் இலண்டனையும் இணைக்கும் ஒரு பழைய கதையிலிருந்து தொடங்கலாம்.

அன்னி பெசன்ட்டை நாம் அடையாற்றின் ஆலமரத்தோடும் ஹோம் ரூல் இயக்கத்தோடும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் குழந்தைப் பொறுப்புக்காக இருமுறை நீதிமன்றம் ஏறியவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1873-இல் அவர் தம் கணவரான பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட்டைப் பிரிந்தார். பிரிவினை ஒப்பந்தப்படி மகன் டிக்பி தந்தையிடமும், மகள் மேபல் தாயிடமும் இருந்தனர். 1877-இல் கருத்தடை பற்றிய ஒரு சிறுநூலை வெளியிட்டதற்காக சார்லஸ் பிராட்லாவுடன் அன்னி பெசன்ட் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதையும் அவருடைய நாத்திகத்தையும் காரணம் காட்டித் தந்தை வழக்காடினார். 1878-இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல், மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் சேர்ப்பித்தார். அந்தத் தாய் குழந்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்காக அன்று. அவருடைய கருத்துகள் சமூகத்துக்கு ஒவ்வாதவை என்பதற்காக. பிற்காலத்தில் வயது வந்ததும் இரு பிள்ளைகளும் தாயிடமே திரும்பி வந்தார்கள் என்பது அத்தீர்ப்பின் மீது காலம் எழுதிய குறிப்பு எனலாம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. இம்முறை வழக்குத் தொடர்ந்தவர் ஜித்து நாராயணையா. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்; மனைவியை இழந்தவர்; 1909-இல் பிள்ளைகளுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை வருங்கால உலக ஆசானாக லெட்பீட்டர் கண்டறிந்ததாக அறிவித்த கதையை நண்பர்கள் அறிவீர்கள். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா ஆகிய இருவரின் காப்பாளர் பொறுப்பை நாராயணையா அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். லெட்பீட்டரின் நடத்தை பற்றிய ஐயங்கள் தந்தையின் மனத்தை அரித்தன. 1912-இல் பிள்ளைகளைத் திருப்பித் தரக்கோரி வழக்குத் தொடர்ந்தார். அவருக்காக வாதாடியவர் சி.பி. இராமசாமி ஐயர், பின்னாளில் ஹோம் ரூல் இயக்கத்தில் அதே அன்னி பெசன்ட்டின் உற்ற துணையாக நின்றவர்.

1913-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தை வென்றார். லெட்பீட்டர் மீதான கடுமையான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றே நீதிபதி பேக்வெல் கூறினார். ஆயினும் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். மேல்முறையீட்டிலும் தந்தைக்கே வெற்றி. ஆனால் 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இதைப் புரட்டிப் போட்டது. தந்தை தம் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற கொள்கையை அது மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வாழ்வது இங்கிலாந்தில். அவர்கள் தரப்பை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய நலனை யாரும் தனியே ஆராயவில்லை என்றது. தீர்ப்பு வந்தபோது மூத்தவருக்கு ஏறத்தாழ 19 வயது. ஒரு தாயாகத் தந்தையின் உரிமையிடம் தோற்ற அதே பெண்மணி, வளர்ப்புத் தாயாக ஒரு தந்தையின் உரிமையை வென்றார்.

இக்கதையில் வெற்றி தோல்வியைவிட நம்மைச் சிந்திக்க வைப்பவை இரண்டு. ஒன்று, தந்தையின் உரிமை எவ்வளவு வலியதாகச் சட்டத்தில் இருந்தாலும் குழந்தையின் நலன் என்ற அளவுகோல் வந்ததும் அது தலைவணங்கியே ஆகவேண்டும். மற்றொன்று, வழக்கு நடக்கும் காலத்தில் குழந்தை யாரிடம் வாழ்கிறதோ அவர் பக்கமே காலமும் சாய்ந்துவிடுகிறது. நாராயணையாவின் நேர்ப்பகைவர் அன்னி பெசன்ட் அல்லர், நாட்காட்டி. இன்றைய தந்தையின் பகைவரும் அதுவே.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். நாராயணையா வழக்கில் ஆராயப்பட்ட 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இந்துக்களுக்கு அதனோடு 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் சேரும். அதன் 6-ஆம் பிரிவு, மணவுறவில் பிறந்த குழந்தைக்குத் தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தையின் பொறுப்பு மட்டும் பொதுவாகத் தாயிடம் இருக்கும். 13-ஆம் பிரிவோ, யார் காப்பாளர் என்ற கேள்வியில் குழந்தையின் நலனே தலையாயது என்கிறது.

இந்த 'அவருக்குப் பின்' என்ற சொற்களை எதிர்த்து வழக்காடியவர் ஓர் எழுத்தாளர் என்பது இலக்கிய வாசகர்களான நமக்குச் சுவையான செய்தி. நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க, தாயாகக் கையொப்பமிட்டு விண்ணப்பித்தார். தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பியது. 1999-இல் உச்ச நீதிமன்றம், 'பின்' என்பதற்குத் தந்தையின் வாழ்நாளுக்குப் பின் என்று மட்டும் பொருளன்று, தந்தை பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என விளக்கியது. ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் கண்டு ஒரு பிரிவைக் காப்பாற்றிய உரையாசிரியர் வேலை அது. ஆனால் பிரிவு அப்படியே நிற்கிறது. தந்தையின் முதன்மையும் ஏட்டில் அப்படியே நிற்கிறது.

அந்த முதன்மையால் தந்தைக்கு விளைந்த பயன் என்ன? 1973-இல் சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கிலேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே காப்பாளர் என்ற பட்டம் கையிலிருந்தும் குழந்தை கையில் இல்லை. கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். குழந்தை பெரும்பாலும் தாயுடன் செல்கிறது. தந்தை மனுப்போடுகிறார். பதிலுரைக்கு வாய்தா, சமரச மையத்துக்கு வாய்தா, நீதிபதி மாற்றம், கோடை விடுமுறை என்று மாதங்கள் ஆண்டுகளாகின்றன. இடைக்கால ஏற்பாடாகப் பல வழக்குகளில் கிடைப்பது, நீதிமன்ற வளாகத்திலுள்ள ஓர் அறையில் வார இறுதியில் இரண்டொரு மணி நேரம். கடைசியில் விசாரணை முடியும்போது, பழகிய சூழலிலிருந்து குழந்தையைப் பெயர்த்தெடுப்பது நலமன்று என்ற நியாயமான காரணத்தைச் சொல்லி நீதிமன்றம் இருப்பதையே உறுதி செய்கிறது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பழகிய சூழலை உண்டாக்கியது யார்? வாய்தாக்கள். இங்கே தாமதம் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதில்லை, தாமதமே தீர்ப்பாகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் 2001-இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. வழக்கு நடக்கும்போது குழந்தையின் பராமரிப்புக்கும் கல்விக்கும் பணம் கோரும் மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சென்ற 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்கிறது அது. மிக நல்ல திருத்தம். குழந்தையின் பசி வாய்தா அறியாது. ஆனால் குழந்தையைப் பார்க்கக் கோரும் மனுவுக்கு அத்தகைய காலவரம்பு அப்பிரிவில் இல்லை. தந்தையின் பணம் குழந்தைக்கு விரைவில் சேரவேண்டும் என்று கருதிய சட்டம், தந்தையே குழந்தைக்கு விரைவில் சேரவேண்டும் என்று கருதவில்லை. குழந்தையை ஆஜர்படுத்தும் ஆணையை மீறினால் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் அபராதமோ 100 ரூபாய். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்குப் 10 ரூபாய். மொத்தத்தில் 500 ரூபாய்க்கு மேற்படாது. சிவில் சிறைக்கும் இடமுண்டு என்றாலும், பிள்ளையின் தாயைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையின் அன்பைப் பெற எந்தத் தந்தையால் இயலும்?

சங்க இலக்கியத்தில் குழந்தையின் அருமையைப் பாடியவர்களுள் ஒருவன் அரசன், ஒரு தந்தை: பாண்டியன் அறிவுடை நம்பி. குறுகுறு நடை நடந்து வந்து, உண்ணும் கலத்தில் கைவிட்டு, சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையையே அவன் செல்வமாகக் காண்கிறான். தந்தைமையின் உள்ளீடு இத்தகைய அன்றாடங்கள்தாம். உடனுண்பதும், உறங்க வைப்பதும், பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், காய்ச்சலில் விழித்திருப்பதும் அதில் அடங்கும். பொம்மைப் பெட்டியும் பிஸ்கட் பொட்டலமும் கையிலேந்திக் காவலர் பார்த்திருக்க அமரும் இரண்டு மணி நேரத்தில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. பிள்ளைக்கும் அது தந்தையின் வீடன்று. வழக்கு நடக்கும் இடம்.

மறுதரப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். அடிபட்டு வெளியேறிய பெண்ணுக்கு, கணவன் குழந்தையைப் பார்க்க வரும் ஒவ்வொரு நாளும் அச்சத்தின் நாள். ஜீவனாம்சத்தைக் குறைப்பதற்காகவே குழந்தையைக் கோரும் தந்தையரும், கோரிய குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பவரும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தந்தையின் சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு நேருமெனில் அதை மறுக்க நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அது இருக்கவே வேண்டும். தந்தையர் உரிமை பேசும் அமைப்பினர் சிலர், இத்தகைய பாதுகாப்புச் சட்டங்களை எல்லாம் பொய் வழக்குகளின் ஊற்று என்று ஏசுவதையே முதல் வேலையாகக் கொண்டிருக்கிறார்கள். இது அறமும் அன்று, உத்தியும் அன்று என்பதே நம் கருத்து. பெண்ணின் பாதுகாப்பைத் தட்டிப் பறித்துத்தான் தந்தை தன் குழந்தையை அடைய முடியும் என்றால், அக்கோரிக்கையை எந்த நீதிபதியும் ஐயத்தோடுதான் பார்ப்பார்.

ஆகவே தந்தையர் கேட்க வேண்டியவை வேறு. முதலில், 6-ஆம் பிரிவு தமக்குத் தரும் வெற்று முதன்மையைத் தாமே முன்வந்து துறக்க வேண்டும். தாயும் தந்தையும் சமமான காப்பாளர்கள் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். சமத்துவத்தைத் தாம் கொடுக்காமல் தாம் மட்டும் பெற இயலாது. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் இதையும், தக்க வழக்குகளில் கூட்டுப் பொறுப்பையும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரைகள் இன்னும் சட்டமாகவில்லை.

இரண்டாவது, பராமரிப்பு மனுவுக்கு உள்ள 60 நாள் வரம்பு சந்திப்பு மனுவுக்கும் வேண்டும். வன்முறைக் குற்றச்சாட்டு இருந்தால் அதுவும் அந்நாட்களுக்குள்ளேயே முதற்கட்டமாக ஆராயப்பட்டு, தேவையெனில் மேற்பார்வையுடன் சந்திப்பு அமையட்டும். 2020-இல் உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு இரு பெற்றோரின் அன்பும் உரியது, சந்திக்கும் நாள், நேரம் ஆகியவற்றை நீதிமன்றங்கள் தெளிவாக வரையறுக்க வேண்டும், காணொளி அழைப்பு வழியாகவும் தொடர்பு நீடிக்கலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. அவ்வழிகாட்டல் நீதிபதியின் மனவோட்டத்தைப் பொறுத்ததாக இல்லாமல் சட்ட விதியாக வேண்டும். மூன்றாவது, பணத்தையும் சந்திப்பையும் ஒன்றுக்கொன்று பிணையாக்கலாகாது. பணம் தராத தந்தைக்குக் குழந்தை இல்லை என்பதும், குழந்தையைக் காட்டாத தாய்க்குப் பணம் இல்லை என்பதும் குழந்தையை அடகுப் பொருளாக்குவன. நான்காவது, பிரிவி கவுன்சில் 1914-இல் கேட்ட கேள்வி ஒவ்வொரு வழக்கிலும் கேட்கப்பட வேண்டும்: குழந்தையின் தரப்பை யார் பேசுகிறார்? கூண்டில் நிறுத்தி யார் வேண்டும் என்று வினவுவது இதற்கு விடையாகாது. பயிற்சி பெற்ற ஒருவர், சில நாட்கள் பழகி, குழந்தை சொல்வதையும் சொல்லத் தயங்குவதையும் கேட்டு நீதிபதிக்கு எழுத வேண்டும்.

தந்தையின் உரிமை என்ற சொற்றொடரே பழைய உடைமைக் காலத்தின் எச்சம் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் தந்தையைப் பெற்றிருக்கக் குழந்தைக்கு உள்ள உரிமை எந்தக் காலத்தின் எச்சமும் அன்று. அந்த உரிமையைக் கோரி மனுப்போடக் குழந்தையால் இயலாது. அது ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறது, நாமோ அடுத்த வாய்தாவுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.