நண்பன் விட்ட குண்டு

1940ஆம் வருஷம் ஜூலை மாதம் 3ந் தேதி மாலை, அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் நின்றிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் பிரிட்டிஷ் கப்பற்படை தாக்கிற்று. அன்றைய பத்து நிமிஷப் பீரங்கிப் பிரயோகத்திலும், ஜூலை 6ந் தேதி நடந்த விமானத் தாக்குதலிலுமாக மாண்ட பிரெஞ்சு மாலுமிகள் 1,297 பேர். ‘பிரெத்தாஞ்’ என்ற ஒரு கப்பலோடு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் மூழ்கினர். இரண்டு வாரங்களுக்கு முன்வரை இவ்விரு படைகளும் ஒரே பகைவனை எதிர்த்து நின்றவை. பிரெஞ்சுக் கொடியின் கீழ் வாழ்ந்த புதுச்சேரியார் இதனை அயலார் கதையென்று ஒதுக்கிவிட இயலாது.

பிரிட்டிஷாரின் அச்சம் காரணமற்றதென்று நாம் சொல்லவில்லை. ஜூன் 22ந் தேதி பிரான்ஸ் ஜெர்மனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் 8வது ஷரத்து, பிரெஞ்சுக் கப்பல்கள் ஜெர்மானிய, இத்தாலிய மேற்பார்வையில் ஆயுதம் களையப்பட வேண்டுமென்றது. ஹிட்லரின் வாக்கை நம்பியிருக்க எவருக்குத்தான் மனம் வரும்? அச்சத்தைத் தீர்த்துக்கொண்ட முறையையே கண்டிக்கிறோம். எங்களோடு சேர்ந்து போரிடுங்கள், அல்லது எங்கள் துறைமுகத்துக்கு வாருங்கள், அல்லது மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லுங்கள், இல்லையேல் ஆறு மணி நேரத்தில் கப்பல்களை நீங்களே மூழ்கடியுங்கள் என்று அட்மிரல் ஸாமர்வில் அறிவித்தார். வாடகை பாக்கிக்காரனைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸில்கூட இதனினும் நீண்ட தவணை உண்டு! பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே துறைமுக வாயிலில் விமானங்கள் கண்ணிவெடிகளைப் போட்டன. ‘டன்கெர்க்’, ‘ஸ்ட்ராஸ்பூர்’ ஆகிய பெருங்கப்பல்களின் பெரிய பீரங்கிகள் யாவும் முன்புறத்தில் அமைந்தவை. அம்முன்புறமோ கரையை நோக்கியிருந்தது. பிரெஞ்சு அட்மிரல் ழான்சூலும் குற்றமற்றவரல்லர். தமக்கு அளிக்கப்பட்ட வழிகள் அனைத்தையும் அவர் தம் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை.

வேறு வழியே இருக்கவில்லையென்று வாதிப்போர் அலெக்ஸாந்திரியாவை நோக்குவாராக. அங்கே பிரிட்டிஷ் அட்மிரல் கன்னிங்ஹாம், பிரெஞ்சு அட்மிரல் கோத்பிருவாவோடு பொறுமையாகப் பேசி, ஒரு குண்டும் வெடிக்காமல் அதே காரியத்தை முடித்தார். 1942 நவம்பர் 27ந் தேதி ஜெர்மானியர் தூலோன் துறைமுகத்துள் புகுந்தபோது, பிரெஞ்சு மாலுமிகள் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தனர். எதிரியிடம் ஒப்படைக்க மாட்டோமென்று கொடுத்த வாக்கு பொய்க்கவில்லை. ஸாமர்வில்லே தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இதனைப் பெரும் ராஜீயப் பிழையென்று குறித்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். தேங்காய்த்திட்டில் இன்று துறைமுகம் இருக்கிறது. அந்நாளில் புதுச்சேரிக்கு வந்த கப்பல் கரையை அணுகாமல் தொலைவிலேயே நிற்கும். சரக்கு படகில் வந்திறங்கும். இப்படிப்பட்ட ஊரைப் பணிய வைக்கக் கப்பற்படை எதற்கு? முப்புறமும் பிரிட்டிஷ் நிலம். விழுப்புரத்திலிருந்து வரும் ரயிலும் அவ்வழியே வர வேண்டும். கவர்னர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரில் தெகோல் பக்கம் சேர்ந்ததாக அறிவித்தார். ஹிட்லருக்கு வணங்கிய விஷி ஸர்க்காரை விட்டு நீங்கியதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்கு முன் பொதுஜன வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. ‘சுதந்திர பிரான்ஸ்’ என்ற பெயரில் சுதந்திரம் இருந்தது. புதுச்சேரி ஜனங்களுக்கு அதில் பங்கு இருக்கவில்லை. அடுத்த வருஷமே பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஏற்பாடும் வந்து சேர்ந்தது.

இதன் விசித்திரம் சைகோனில் தெரிந்தது. பிரெஞ்சு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்குமாகப் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் அங்கே குடியேறியிருந்தனர். இந்தோசீனத்தின் கவர்னர் ஜெனரலான தெக்கூ விஷியின் பக்கம் நின்றார். அண்ணன் இங்கே தெகோலின் பிரஜை; தம்பி அங்கே பெத்தேனின் பிரஜை. இருவரில் எவரும் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை.

பதினான்கு வருஷங்களுக்குப் பின், 1954 அக்டோபர் 18ந் தேதி, ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடினர். இந்தியாவோடு இணைவதற்குச் சார்பாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். எதிர்த்த அந்த எட்டு வாக்குகளையும் எண்ணிக் குறித்தார்கள்.