சூரியன் கோட்டை கட்டிய அன்று

போன கோடையில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு நிமிர்கிறேன், எங்கள் அமராவதி நகர்த் தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. சூரியனைச் சுற்றிப் பெரிய வளையம்! உள் ஓரத்தில் இலேசான சிவப்பு, வெளியே வெளுப்பு. குழந்தைகள் வெறுங்கண்ணால் சூரியனையே பார்த்துக் கும்மாளம் போடுகின்றன.

பக்கத்து வீட்டிலோ ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மருமகளுக்கு இப்போது ஏழு மாதம். "வளையம் போற வரைக்கும் அவளுக்குப் பச்சைத் தண்ணி கூடாதுங்க்கா. கிரகணம் மாதிரித்தானுங்களே?" என்றார் மாமியார். காலையில் குடித்த காபியோடு அந்தப் பெண் சுருண்டு படுத்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆபத்தே இல்லாதவளை அடைத்துவிட்டு, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தெருவில் விட்டிருக்கிறோமே!

சகோதரிகளே, இது கிரகணமே இல்லை. இருபதாயிரம் அடிக்கும் மேலே சல்லாத்துணி போல மெல்லிய மேகம் படரும். அதில் இருப்பது நீர்த்துளி அல்ல, பொடிப்பொடியான பனிக்கட்டி. குழந்தையின் பென்சிலை எடுத்துப் பாருங்கள், ஆறு பட்டை இருக்கும். அந்தப் பனித்துகளுக்கும் அதே ஆறு பட்டைதான். ஒரு பட்டையில் நுழைந்த ஒளி, அடுத்ததை விட்டு அதற்கடுத்த பட்டை வழியாக வெளியேறும்போது குறைந்தது 22 டிகிரி வளைகிறது. அதனால்தான் வளையம் எந்த ஊரிலும் ஒரே அளவு. கையை நீட்டிச் சாண் போட்டால், சூரியனிலிருந்து வளையம் ஏறக்குறைய ஒரு சாண் தூரம்! 2021 மே 24 அன்று பெங்களூரே வேலையை விட்டுவிட்டுப் படம் பிடித்ததும் இதே வளையத்தைத்தான்.

துகள்கள் தட்டையான தகடுகளாகக் கிடைமட்டமாக மிதந்தால், காலை மாலையில் சூரியனின் இரு பக்கமும் இரண்டு பொய்ச் சூரியன்கள் தெரியும். பட்டை மழுங்கி, சொரசொரப்பாகிவிட்டால் வளையமே வராது. வானம் வெறுமனே வெளுத்துக் கிடக்கும். எட்ட வட்டம் கிட்ட மழை என்பார்கள். அன்று மழையும் இல்லை, வடாமும் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. அந்த மேகம் வெயிலை அவ்வளவாக மறைப்பதில்லை.

பயமே அங்கேதான். விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை உற்றுப் பார்த்த பிள்ளை அப்போது ஒன்றும் சொல்லாது. சில மணி நேரம் கழித்து, "நடுவில் கறுப்பாத் தெரியுதும்மா" என்னும். உடனே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் காப்பாற்றாது. சன்ஷேடின் கீழே நின்று, சூரியன் அதன் ஓரத்தில் மறையும்படி வைத்துக்கொண்டு வளையத்தை மட்டும் பாருங்கள்.

கர்ப்பிணிக்கு இந்த ஒளியால் ஒன்றும் ஆகாது, பட்டினிதான் ஆகாது. கிரகணத்தன்றும் அப்படித்தான்.

அரை மனசோடுதான் மாமியார் தட்டில் தயிர் சாதம் போட்டார். அவள் சாப்பிடுகிற நேரத்தில் வாசல் சன்ஷேடின் கீழே போய் நின்று, கையை நீட்டிச் சாண் வைத்துப் பார்த்தார்.

"சரியாத்தானுங்க்கா இருக்குது!"