டிப்ஸ் என்றால் ஓட்டலில் வைக்கும் பணம் இல்லை

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தவர், "உங்க மைத்துனர் குடிச்சுத்தானே சார் போனார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. வழக்கமாக இங்கே பழைய செங்கல்பட்டுக் கதைகள் எழுதுவேன். இன்று கொஞ்சம் சண்டை போடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பி மாமல்லபுரத்தில் சிற்பி. ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் பட்டறை வைத்திருந்தார். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனால் இருபது வருஷமாகச் சர்க்கரை, கூடவே உடம்பும் கனம். கல்லீரலில் கொழுப்பு படிந்து, தழும்பாகி, இறுகிப் போனது. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும் கல்லீரல் இறுகும். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரை அடைத்துக்கொள்ளும் பட்-கியாரி என்ற நோய் இளம் வயதுப் பெண்களுக்குக்கூட வரும். இதற்கெல்லாம் பாட்டில் தேவையில்லை. ஆனாலும் ரத்த வாந்தி என்று கொண்டு போனால், வாசலில் இருப்பவரிலிருந்து சொந்தக்காரர் வரை கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பார்?" சரி, குடித்தவராகவே இருக்கட்டும். அவருக்கு மட்டும் ரத்தம் வேறு நிறமா?

என்ன நடக்கிறது என்பதை நம் ஜில்லாக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இது ஏரி மாவட்டம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற பெரிய வாய்க்கால் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரல் இறுகிவிட்டால் உள்ளே போக வழியில்லை. வரத்து நிற்காது, அழுத்தம் ஏறும். சாதாரணமாக 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்த வித்தியாசம் 12-ஐத் தாண்டினால் ஆபத்து. ரத்தம் பக்கவழி தேடி உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளைப் புடைக்க வைக்கும். ஒரு நாள் அது உடையும்.

உடைந்த இடத்தில் எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போடுவார்கள். உயிர் காக்கும் வைத்தியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது கரை உடைந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்குவது மாதிரி. ஏரியின் மட்டம் குறையவில்லையே! மட்டம் குறையக் கலங்கல் வேண்டும். அந்தக் கலங்கலுக்குத்தான் டிப்ஸ் என்று பெயர்.

கழுத்துச் சிரையில் ஒரு குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இதயத்தின் வலப்பக்கம் வழியாகக் கல்லீரல் சிரைக்கு இறக்குகிறார்கள். அங்கிருந்து கல்லீரலுக்குள்ளேயே ஊசியால் துளைத்துப் போர்ட்டல் சிரையைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே உறை போட்ட ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. 1969-ல் அமெரிக்காவில் ஜோசப் ரோஷ் என்ற மருத்துவர் நாய்களுக்கு வேறு ஒரு சோதனை செய்தபோது ஊசி தவறுதலாகப் போர்ட்டல் சிரைக்குள் போனதில் பிறந்த யோசனை இது. ஸ்டென்ட் வைத்து மனிதருக்குச் செய்தது 1988-ல், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில். நேற்று வந்த வைத்தியம் இல்லை.

மைத்துனர் மூன்று தடவை ரத்தம் கக்கினார். மூன்று தடவையும் ஒரே தனியார் ஆஸ்பத்திரி (பெயர் வேண்டாம்). மூன்று தடவையும் வளையம். மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியும் என் பீரோவில் இருக்கின்றன. மாத்திரை, மறுபடி வர வேண்டிய தேதி, காரம் தவிர்க்கவும். அவ்வளவுதான். மூன்றாவது தடவைக்குப் பிறகு வயிறு வீங்கிச் சென்னைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ரெண்டாவது தடவையே வந்திருந்தா டிப்ஸ் பத்தி யோசிச்சிருக்கலாம் சார். இப்போ பிலிருபின் ரொம்ப ஏறிடுச்சு" என்றார். எனக்கு டிப்ஸ் என்றால் ஓட்டல் சர்வருக்கு வைக்கிற பத்து ரூபாய்தான் தெரியும். மைத்துனர் படுத்தபடியே, "என்ன மாமா சொல்றார்?" என்று கேட்டார். என்ன சொல்வேன்?

செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் என் புகார்.

இதைச் சொன்னால் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வு பெற்ற டாக்டர் சண்டைக்கு வருகிறார். "எல்லாருக்கும் செய்ய முடியாதுய்யா. ஸ்டென்ட் விலை என்ன தெரியுமா? மூளை கலங்கிப் போகும், தெரியுமா?" தெரியும். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகிற ரத்தம் சுத்தமாகாமல் அம்மோனியாவோடு மூளைக்குப் போகும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழப்பம், தூக்கம், தடுமாற்றம் வரும். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்றாரே பாவ்லவ், அவர் 1893-லேயே, இப்படி ரத்தத்தைத் திருப்பிவிட்ட நாய்கள் மாமிசம் தின்றால் புத்தி பேதலிப்பதை எழுதி வைத்தார். இதயம் பலவீனமானவர்களுக்கும், காமாலை முற்றியவர்களுக்கும் இது ஆகாது. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆகாதவருக்கு "ஆகாது" என்று சொல்லுங்கள். ஆகக்கூடியவருக்கும் வாயைத் திறக்காமல் இருக்க இது காரணமா?

காலம் வேறு ஓடுகிறது. 2010-ல் ஐரோப்பாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மறுபடி கக்கும் ஆபத்து அதிகமுள்ள 63 நோயாளிகள். 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் செய்தவர்களில் ஒரு வருஷம் கழித்து 86 சதவீதம் பேர் உயிரோடு. மருந்தும் வளையமும் மட்டும் என்றால் 61. சின்ன ஆய்வுதான். ஆனாலும் 72 மணி என்றால் மூன்று நாள். எங்களுக்குப் பத்து மாதம் இருந்தது.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்தபோது, உறுப்பு மாற்று என்ற சொல் ஒரே வாரத்தில் நம் டீக்கடை வரை வந்துவிட்டது. கல்லீரல் கிடைக்கும் வரை ஒருவரைத் தாங்கிப் பிடிக்கவும் டிப்ஸ் உதவும். அந்தச் சொல் மட்டும் வார்டைத் தாண்டி வரவில்லை.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்தில், கரை உடையும் என்று பயந்த மழை இரவில், ராம லட்சுமணர் வில்லோடு காவல் நின்றார்களாம். நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அந்த ஏரிக்கும் கலங்கல் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் இந்த வசதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேர்ந்த கையும் நல்ல யந்திரமும் வேண்டிய வேலை, பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். ரத்தம் கக்கியவரின் சம்மரியில் ஒரு வரி போதும்: "டிப்ஸ் பரிசீலிக்கப்பட்டது. ஏற்றது, அல்லது ஏற்றதல்ல, காரணம் இது." எழுத அரை நிமிஷம் ஆகுமா?

அவர்கள் எழுதாவிட்டால் நீங்கள் கேளுங்கள். முதல் தடவையே கேளுங்கள். காப்பீட்டு அட்டையையும் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் ஒரே பையில் வையுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் காகிதத்தோடு வீட்டுக்கு யாராவது வந்தால், என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருப்பேன்.