நாற்பதிலே நரம்பிசை

"பிள்ளை வீணை பயிலட்டும், நமக்கு இனி எதற்கு?" என்று பெற்றோர் சொல்வதை மட்டக்களப்பிலே நாம் அடிக்கடி கேட்கின்றோம். இக்கூற்று நமக்கு உடன்பாடன்று.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். நம் வாவியின் மீன்பாட்டைச் செவிமடுத்துச் செய்யுளும் இயற்றியவர். வழக்கொழிந்த யாழைப் பற்றிய அவரது யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது அவருக்கு அகவை 55. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்று கூறியதோடு அவர் அமைந்தாரல்லர். சுரங்களைக் கணக்கிட்டும் ஆராய்ந்தார். முதிர்ந்த மாணாக்கருக்கு ஏற்ற வழி இதுவே.

சிறுவரின் விரல் எளிதில் வளையும் என்பது மெய். முதிர்ந்தோர்க்கு முதற் சில வாரங்கள் விரல்நுனி நோகும். பின்னர்த் தோல் தடித்து நோவு தணியும். வெட்கமே பெரிய இடையூறு. சரளி வரிசை அடுத்த வீட்டார்க்குக் கேட்குமே என்றஞ்சிக் கீர்த்தனைக்குத் தாவுவோர் பலர். (சிறுவர்க்கு அவ்வச்சம் ஏது?)

ஆயினும் முதிர்ந்தோர்க்குக் காரணம் விளங்கும். மகளின் வீணையிலே தந்தி தொடங்கும் மேருவிலிருந்து குதிரை வரை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். அந்நீளத்திற் பாதி ஒலித்தால் மேற்சட்சமம். மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் பழந்தமிழர் இளி என்ற பஞ்சமம். அவை ஏறத்தாழ 12ஆம், 7ஆம் மெட்டுக்களில் வந்து நிற்கும். செவியாலும் அதனைச் சரிபார்த்தபின், சரளி வரிசையை மகளிடமே கேட்டுப் பயிலலாம். குருவாகிவிட்ட பிள்ளைகள் அப்போது காட்டும் கண்டிப்பைப் பார்க்கவேண்டுமே!