தனித்தொலிக்கும் கொம்பு

பேரிசை தொடங்குங்கால் பல்லியத்தின் கருவிகள் யாவும் ஒருங்கே முழங்குதல் வேண்டும் என்பார் உளர். எமது துணிபு அதுவன்று.

ஐரோப்பியப் பல்லியத்துள் வேட்டைக்கொம்பின் வழித்தோன்றலாகிய பிரெஞ்சு ஹார்ன் ஊதுதற்கு அரியது. அதன் மேற்சுரங்கள் நெருங்கி நிற்றலின், உதடு சிறிது பிறழினும் சுரம் மாறிவிடும். துணையின்றி ஊதுங்கால் அப்பிழையை மறைப்பாரும் இல்லை. அத்தகைய கருவியை முன்னிறுத்தித் தொடங்குதல் துணிவுடையார் செயலேயாம்.

ஷூபர்ட்டின் ‘பெரிய’ ஸி மேஜர் சிம்பொனியை நோக்குக. இரண்டு கொம்புகள் ஒரே குரலாய், எட்டுத் தாளவட்டம் மெல்லென இசைக்கின்றன. அம்மெட்டினையே முதற்பகுதியின் ஈற்றில் பல்லியம் முழுவதும் முழக்குகின்றது. தொடக்கத்திலேயே முழக்கியிருப்பின், ஈற்றிற்கு எஞ்சுவது யாது? 1828-இல், 31 வயதினராய் மறைந்த ஷூபர்ட் அதனைப் பொதுமன்றிற் கேட்டிலர். ஷூமன் வியன்னாவிற் கண்டெடுத்த அக்கையெழுத்துப் படியை 1839-இல் மெண்டல்ஸன் லைப்ஸிக் நகரில் அரங்கேற்றினார். பிராம்ஸும் தம் இரண்டாம் பியானோ கன்சர்ட்டோவை (1881) ஒற்றைக் கொம்பினாலேயே தொடங்கினார். பியானோ அதற்கு மறுமொழி கூறுகின்றது.

ஆதலின், தொடக்கத்தின் சிறப்பு ஒலிமிகுதியில் இல்லை. பின்வருவதற்கு இடந்தரும் அடக்கத்தில் உள்ளது. பேசவும் எழுதவும் பயிலும் மாணவராகிய நாம் இதனை உளங்கொள்வோமாக.