ஆடிட்டர் போட்ட டிக்

எங்கள் வீட்டு நாயின் பெயர் ஆடிட்டர்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. பி.காம். முடித்த கையோடு ஆடிட்டர் ஆகியே தீருவது என்று கிளம்பி, இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் பரீட்சை ஜெயித்து நான் தோற்ற கதையை இந்தப் பக்கத்திலேயே அழுதிருக்கிறேன். வீட்டில் யாராவது ஒருத்தர் ஆடிட்டராக இருக்கட்டுமே என்ற ஆதங்கம்தான்!

தவிர, அது பார்க்கிற வேலையும் அதுதான். காலை ஐந்தரை மணிக்கு மஞ்சக்குப்பத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால், ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நிற்கும். முகர்ந்து பார்க்கும். ஒரு சுற்று வந்து, சந்தேகத்தோடு மறுபடியும் முகரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்தி ஏற்பட்டதும், பின்னங்காலைத் தூக்கி ஒரு ‘டிக்’. அப்புறம் அடுத்த வவுச்சர்... அதாவது, அடுத்த கம்பம்.

அந்த அரை நிமிஷமும் நான் வானத்தைப் பார்ப்பேன். நாய் வளர்ப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நாய் காலைத் தூக்கும்போது இவர்கள் தலையைத் தூக்கிவிடுவார்கள். மேகம், காக்கா, கேபிள் ஒயர் என்று ஆராய்ச்சி நடக்கும். ‘இந்த நாய் யாரோ, இந்தச் சங்கிலி என் கைக்கு எப்படி வந்ததோ’ என்று ஒரு முகபாவம்!

இப்படியாக எங்கள் காலம் நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன மார்கழி வரை.

சிதம்பரத்தில் என் மாமனார் வீடு. ஆருத்ரா தரிசனம் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். வீட்டில் தனியாக விட ஆள் இல்லாததால், நண்பரின் காரில் ஆடிட்டரும் வந்தது. தேரோடும் நான்கு வீதியிலும் ஜனக்கூட்டம். மாமனார் வீடு இருக்கும் சந்தில் மட்டும் விடியற்காலை அமைதி.

எதிர்வீட்டு அம்மாள் நாலு மணிக்கே எழுந்து, சாணம் தெளித்து, 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 என்று வாசலை அடைத்து ஒரு கோலம் போட்டிருந்தார். நடுவில் சாணி உருண்டை, அதன் தலையில் பரங்கிப்பூ. ஊர் மாறினாலும் ஆபீஸ் டயம் மாறாத ஆடிட்டர், சரியாக ஐந்தரைக்கு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. கோலத்தை ஒரு சுற்று மேலோட்டமாகப் பார்வையிட்டது. பரங்கிப்பூ விஷயத்தில் ஏதோ சந்தேகம் போலிருக்கிறது. கிட்டே போய் முகர்ந்தது.

டிக்.

அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கோலப்பொடி டப்பாவும் கையுமாக நின்றவர், “பரவாயில்லைங்க மாப்பிள்ளை. வாயில்லா ஜீவன்... அதுக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு வாளித் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார். அந்த ‘அதுக்கு’ என்பதில் ஓர் அழுத்தம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரிடம் நியாயம் கேட்டேன். “ஏன் மாமா, நடுவுல வச்சிருக்கறதே மாட்டுச் சாணி. மாடு போட்டா லட்சுமி, நாய் போனா மட்டும் அசிங்கமா?”

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “சாணியை அவங்களே தேடிப்போய் எடுத்தாந்து, அவங்க வாசல்ல, அவங்களுக்கு இஷ்டப்பட்ட இடத்துல வச்சாங்க மாப்பிள்ளை. உங்க ஆடிட்டரை யாருங்க கூப்பிட்டாங்க?”

ரிட்டயர்டு வாத்தியார். பதில் சொல்ல முடியுமா? காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஆனாலும் மனசுக்குள் வாதாடிக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் எத்தனை தெருநாய்! 2025-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நாடே பேசிய விவகாரம் அது. அத்தனை நாய்க்கு நடுவில் என் நாயின் அரை டம்ளர்தான் பெரிசா? நாயை விடுங்கள். ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதி, பற்றாததற்கு மூன்று மதத்துச் சாமி படத்தையும் டைல்ஸில் பதித்த சுவருக்குப் பக்கத்திலேயே திரும்பி நிற்கிறானே மனுஷன்... அவனுக்குப் படிக்கத் தெரியும், என் நாய்க்குத் தெரியாதே?

வாதம் எனக்கே பலமாகத்தான் தெரிந்தது. கடலூருக்குத் திரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை வாங்கப் போகும் வரைக்கும்.

வழக்கமாகக் கீரை வாங்குவது வீட்டம்மாதான். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. “தெருக்கோடியில ஆயா இருப்பாங்க, அரைக்கீரை ரெண்டு கட்டு” என்று பையைக் கொடுத்து அனுப்பினாள். ஏழு மணிக்குப் போனால்... எனக்கு ரொம்பப் பழக்கமான இடம். ஆடிட்டரின் மூன்றாவது கம்பம்!

விடியற்காலையில் நான் பார்க்கிறபோது அது வெறும் கம்பம். ஏழு மணிக்கு அது ஒரு கடை. ஓரமாகக் கீரைக்கூடை. ஆயா ஒரு பிளாஸ்டிக் குடத்திலிருந்து கம்பத்தடியில் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தரை காய்ந்த பிறகுதான் சாக்கை விரிக்க வேண்டும்.

“தினமும் கழுவுவீங்களா ஆயா?” என்று கேட்டு வைத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

“கழுவாம? எந்த ஊட்டு நாயோ தம்பி, கரெக்டா நான் குந்துற எடத்துலதான் அடிச்சிட்டுப் போவுது. தெரு நாய் இல்ல. ஒரு ஆளு சங்கிலி போட்டுப் புடிச்சிக்கினு வராராம். பால்காரரு பாத்திருக்காரு.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். “அந்த ஆளு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“அவுரா? மானத்தப் பாத்துக்கினு நிப்பாராம்.”

எங்கள் பக்கத்துப் பேச்சில் வானத்துக்கு ‘மானம்’ என்றுதான் பெயர். ஆயா வானத்தைத்தான் சொன்னார். ஆனால், கீழே விழுந்தது வேறு மானம்.

மழை நாளில் இன்னும் கஷ்டமாம். ஊற்றிய தண்ணீர் வடியாது, சாக்கு நனையும், அடியில் இருக்கிற இரண்டு கட்டு அழுகிவிடும். இருக்கிறதே முப்பது, நாற்பது கட்டுதான். முதல் பஸ்ஸில் வந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, என் நாயின் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் அவர் தன் வியாபாரத்தைத் தொடங்குகிறார்.

மத்தியானம் இலையில் கீரை மசியல். “எத்தனை மாசமா அந்த ஆயாகிட்ட வாங்கறே?” என்று கேட்டேன். “அது ஆச்சு ஏழெட்டு மாசம். ஏன், நல்லாயில்லையா?” என்றாள்.

இரட்டைப் பதிவு முறை என்று காமர்ஸில் முதல் பாடம். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாச்சியோலி என்கிற பாதிரியார் அச்சிட்டு வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஈடாக ஒரு வரவு இருந்தே தீரும் என்பதுதான் சாரம். காலையில் நான் கம்பத்தடியில் எழுதிய பற்று, மத்தியானம் என் இலையிலேயே வரவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருஷம் காலேஜில் புரியாதது, ஒரு கவளத்தில் புரிந்தது!

தெருநாய் வாதமும் அங்கேயே படுத்துவிட்டது. தெருநாய்க்குப் பேரேட்டில் பெயர் கிடையாது. என் நாய்க்கு உண்டு. சங்கிலியின் இந்த முனையில் இருக்கிறதே, அந்தப் பெயர்தான்.

இந்தக் காலைத் தூக்கும் விவகாரம் இருக்கிறதே, அது மூத்திரப்பை நிறைந்ததால் மட்டும் நடப்பதில்லை. அது நாய்களின் போஸ்டர் ஒட்டும் வேலை. ‘நான் இன்னார், இந்தப் பக்கம் வந்து போனேன்’ என்று வாசனையில் எழுதிவைப்பது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். குட்டை நாய்கள்தான் காலை அதிகமாகச் சாய்த்துத் தூக்குகின்றனவாம். உயரத்தில் அடித்தால், படிக்கிற நாய் ‘எவனோ பெரிய ஆள்’ என்று நினைத்துக்கொள்ளுமே! கட்சி சின்னதாக இருந்தால் கட்-அவுட் பெரிசாக இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

சரி, தண்ணீர்தானே, காய்ந்துபோகாதா? ஜப்பானில் சுஸுகா என்று ஓர் ஊர். 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு சிக்னல் கம்பம் தானாகச் சாய்ந்தது. 50 வருஷம் நிற்க வேண்டிய கம்பம், 23 வருஷத்தில் காலி. போலீஸ் ஆராய்ந்து பார்த்துவிட்டு, அடிப்பாகம் இப்படி அரித்துப்போக நாய்களின் சிறுநீர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். இரும்பையே சாய்க்கிற சமாசாரம், கீரைக்கட்டை விட்டுவைக்குமா?

இதைவிட முக்கியம், எலிக்காய்ச்சல். பெயரில்தான் எலி. நோய் தொற்றிய நாய், மாடு, பன்றி எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வெளியே வரும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருந்து, காலில் இருக்கிற சின்ன வெட்டுக்காயம் வழியாக உடம்புக்குள் போய்விடும். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்குத் தேங்கிய தண்ணீர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் செருப்பில்லாமல் நிற்பவர் யார்? நானில்லை. ஆயாதான். நாய்க்கு வருஷா வருஷம் இதற்கான தடுப்பூசி இருக்கிறது. ஆடிட்டருக்குப் போட்டாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் துருவினேன். சென்னையில் 2025-ல் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் மைக்ரோசிப்பும் கட்டாயம், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. ஆனால், கம்பத்தடிக்கு? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாயின் கழிவை உரிமையாளர் சுத்தம் செய்வது நல்லது என்று ‘ஆலோசனை’ சொன்னது. அதைக் கட்டாயப்படுத்திக் குடியிருப்போர் சங்கங்கள் அபராதம் போடக் கூடாது என்றும், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னது. நியூயார்க்கில் நாயின் ‘இரண்டாம் நம்பர்’ வேலையை உரிமையாளரே அள்ள வேண்டும் என்று 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. ஸ்பெயினில் சில ஊர்களில் ‘முதல் நம்பருக்கும்’ விதி உண்டு. நாயோடு கிளம்பினால் கையில் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும், நாய் போன இடத்தில் ஊற்றிவிட வேண்டும்.

அந்தப் பாட்டில் யோசனை எனக்குப் பிடித்தது. எங்கள் நாய் டாக்டரும் ஒரு வழி சொன்னார். வெளியே கிளம்புவதற்கு முன்னால் கொல்லையில் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய் நில்லுங்கள், போனதும் ஒரு பிஸ்கட் கொடுங்கள், அப்புறம் வாக்கிங் போங்கள் என்றார். பத்து நாளில் ஆடிட்டருக்குத் தென்னைமரத்தடி பழகிவிட்டது. பிஸ்கட்டுக்கு மடியாத ஆடிட்டர் உண்டா! தெருவில் கம்பம் வந்தால் சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து நடையைக் கட்டிவிடுவேன். யாரும் உட்காராத, யாரும் கோலம் போடாத ஓரமாகப் பார்த்து நிற்பேன். அங்கேயும் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஆனாலும் பழைய கம்பெனி பாசம் போகுமா? ஒருநாள் நான் கொட்டாவி விட்ட நேரத்தில், மூன்றாவது கம்பத்தில் டிக் விழுந்துவிட்டது. அவசர அவசரமாகப் பாட்டிலைத் திறந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து குரல்.

“ஓ... நீதானா தம்பி அந்த ஆளு?”

தலையில் கீரைக்கூடையோடு ஆயா. அன்றைக்குப் பார்த்து சீக்கிரம் வந்துவிட்டார். என் தலை பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்க்கக் கிளம்பியது. கஷ்டப்பட்டுக் கீழே இறக்கினேன்.

“நான்தான் ஆயா. தப்புதான்.”

ஆயா என்னைப் பார்த்தார். ஆடிட்டரைப் பார்த்தார். கையில் இருந்த அரை லிட்டர் பாட்டிலைப் பார்த்தார்.

“இந்தச் சொட்டுத் தண்ணி எந்த மூலைக்கு? இந்தா, கொடத்த எடு.”

எடுத்தேன். அன்றையிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்து, மூன்றாவது கம்பத்தடியில் வைத்துவிட்டு வருவது என் டியூட்டி. கழுவுவதற்கு இப்போது அவசியம் இல்லை. கீரைக்குத் தெளிக்க உபயோகமாகிறது என்கிறார் ஆயா.

இன்றோடு பன்னிரண்டு நாள். ஆடிட்டரும் கூட வருகிறது. குடத்தை முகர்ந்து பார்க்கிறது. சுற்றி வந்து மறுபடியும் முகர்கிறது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டிக் அடிக்காமலே நகர்ந்துவிடுகிறது.

ஏழெட்டு மாசப் பாக்கியாயிற்றே! கணக்கு இன்னும் நேராகவில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.